இருபத்துமூன்றாம் வரி

மொந்தேவிதேயோவில் ஆகஸ்ட் மழை.
நூற்றுப் பதினான்கு பேர் உள்ளே வந்தார்கள்,
ஈரக் கோட்டும் அக்குளில் ஃபிளாஸ்க்குமாக.
கடைசி வரிசைக்கும் பின்னால்
நானும் என் மடிக்கணினியும்.

படம் எஸ்தோனியாவிலிருந்து.
அந்த மொழி எனக்கும் தெரியாது.
யாரோ ஸ்பானியத்தில் பெயர்த்துத் தந்த
அறுபத்தொரு வரிகளை
நேரம் பார்த்துத் திரையின் அடிக்கு அனுப்ப வேண்டும்.
வரிக்கு ஒரு தட்டு. அவ்வளவுதான் வேலை.

மாடிப்படியில் ஒரு குதிரை இறங்குகிறது.
இறங்கிக்கொண்டே இருக்கிறது.
ஒருத்தி ஆரஞ்சு உரிக்கிறாள்,
தோலுக்குள் இன்னொரு தோல்.
தபால்காரர் ஒரே கடிதத்தை ஒரே வீட்டுக்கு
சிறுவனாக, கிழவராக,
செத்த பிறகும் கொண்டுவருகிறார்.
இதற்கு மேல் கதை கேட்காதீர்கள்.

முதல் நாற்பது நிமிடத்தில்
பன்னிரண்டு பேர் எழுந்து போனார்கள்.
பதின்மூன்றாமவர் கதவு வரை போய்
திரும்பி, சுவரில் சாய்ந்து,
கடைசி வரை அங்கேயே நின்றார்.

பிறகு பனி.
ஒன்பது நிமிடம், பேச்சில்லை,
வெட்டவெளியில் ஒரு நாற்காலி மட்டும்.
எனக்கு வேலை இல்லாத இடம் அது.
மாத்தே குடுவை சரியப் பார்க்க,
பிடிக்கப் போன முழங்கை
விசைகளின் மேல் விழுந்தது.

எப்போதோ வந்துபோன இருபத்துமூன்றாம் வரி
பனியின் அடியில் வந்து உட்கார்ந்தது:
'கதவைச் சாத்து. கடல் உள்ளே வருகிறது.'

கதவும் இல்லை, கடலும் இல்லை.
நான்கு விநாடி.
அழித்துவிட்டேன்.
முன்வரிசையில் யாரோ
மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது.

விளக்கு வந்ததும்
இடப்பக்கம் கைதட்டல், வலப்பக்கம் சீழ்க்கை.
நடுவில் உறங்கியவர்
இரண்டுக்கும் பொதுவாக விழித்தார்.

வெளிக்கூடத்தில் அபரிசியோ,
ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி, கையில் டிக்கெட்:
'பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.
முப்பது வருஷம் துறைமுகத்தில் பெட்டி திறந்தவன் நான்.
காலிப் பெட்டிக்குத்தான்
மூன்று பூட்டுப் போடுவார்கள்.'
பல் மருத்துவர் நிபியா சிரித்தார்:
'எனக்கும் ஒன்றும் புரியவில்லை.
ஆனால் இரண்டேகால் மணி நேரம்
திறந்திருந்தது என் வாய், இன்றைக்கு மட்டும்.'
டாக்ஸி ஓட்டும் வில்மாருக்கு ஒரே சந்தேகம்,
'ஏறும் குதிரை இறங்காதே, எப்படி இறக்கினார்கள்?'
'கனவில் இறங்கும்' என்றான் ஒரு மாணவன்.
'உன் கனவுக்கு நான் ஏன் காசு கொடுக்கணும்?'
இது அபரிசியோ.

ஸுல்மா அழுதிருந்தாள்.
மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:
'பனியில் அந்த வரி திரும்ப வந்ததே,
அப்போதுதான் தெரிந்தது.
அந்த வீடு ஏற்கெனவே மூழ்கிவிட்டது.
பனி விழுவது கடலின் அடியில்.'

யாரும் உடனே பேசவில்லை.
அபரிசியோ டிக்கெட்டை மடித்துச்
சட்டைப்பையில் போட்டார்.
'அந்த இடம்,' என்றார்,
'அந்த ஒரு இடம் மட்டும் சரி.
அதை எடுத்தவன் ஆள்தான்.'

அந்தக் கூட்டம் ஒப்புக்கொண்ட ஒரே விஷயம்
என் முழங்கை.
சொல்லிவிட வாயெடுத்தேன்.
அதற்குள் மழை விட்டுவிட்டது,
ஒரே சிகரெட்டைப் பற்றவைக்க
மூன்று தலைகள் குனிந்திருந்தன.
பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்,
தேவைக்கு மேல் மெதுவாக.

வியாழன் மறுகாட்சிக்கு முப்பத்தொரு பேர்.
கதவோரம் நின்ற மனிதர் இம்முறை
நேராகக் கதவோரமே போய் நின்றார்.
ஸுல்மா அக்காவைக் கூட்டி வந்திருந்தாள்.

குதிரை. ஆரஞ்சு. தபால்காரர்.
பனி தொடங்கியதும்
அவள் அக்காவின் கையைத் தொட்டு
'இப்போ வரும், பார்' என்றாள்.

நாற்காலி.
பனி.
நான் இருபத்துமூன்றைத் தேடினேன்.